சிரித்ததற்கு நன்றி, பிள்ளைகளா

டோடோமா நகரின் ஓரத்தில், எங்கள் கன்னியர் இல்லத்து வேலியைச் சுற்றி ஆறு வருடம் ஓடித் திரிந்த பிள்ளைகளுக்கு,

உங்களுக்குச் சுவாஹிலியில் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன், பிழைகளோடுதான். இந்தத் தமிழ் மடல், என்னைத் தான்சானியாவுக்கு வழியனுப்பிய என் ஊர்க்காரர்களும் உங்களைத் தெரிந்துகொள்ளட்டும் என்று.

முதலில் பெரியவர்களுக்கு. மலேரியாவில் நான் படுத்துக் கிடந்தபோது ஐந்து நாளும் உஜி என்கிற மாவுக்கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மா, கொட்டும் மழையில் போடாபோடா என்கிற பைக் டாக்சியில் ஏற்றிப்போய்க் காசு வாங்க மறுத்த தம்பி, இருவரையும் மறக்க மாட்டேன். ஆனால் உங்கள் மேல் ஒரு குறை உண்டு: நீங்கள் ரொம்ப மரியாதைக்காரர்கள். நான் என்ன உளறினாலும் "நன்றாகப் பேசுகிறீர்கள் சிஸ்டர்" என்பீர்கள். பிள்ளைகள்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மொழி வந்தது அந்தச் சிரிப்பால்தான்.

போன புதிதில், பாட்டு வகுப்புக்கு மாலை நான்கு மணிக்கு வரச் சொல்வதாக நினைத்து "சா நே" என்றேன். காலை பத்து மணிக்கே இருபது பேர் வாசலில் நிற்கிறார்கள். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், முழங்கை வரை சோப்பு நுரை. அங்கே மணிக்கணக்கு விடியலிலிருந்து தொடங்குகிறது. காலை ஏழுதான் ஒரு மணி, பத்துதான் நான்கு. நம் பாட்டிமார் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய மாதிரி. முன்பல் விழுந்த ஒரு சிறுமி என் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்து, சின்ன முள்ளுக்கு நேர் எதிரே இருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். சரி, வந்தது வந்துவிட்டீர்கள் என்று ஈரக்கையோடே பாடினோம்.

அப்புறம் காக்கா. வெள்ளை நெஞ்சுக் காகம் ஒன்று மதிலில் வந்து உட்கார, என் வாயில் தமிழ் வந்துவிட்டது. சுவாஹிலியில் 'காகா' என்றால் அண்ணன். சிஸ்டர் காகத்தை அண்ணா என்கிறார் என்று தெருவெல்லாம் பரவி, கடைசி வரை அந்தக் காகம் எனக்கு அண்ணனாகவே இருந்தது. மாட்டுக்கு 'ஙோம்பே'. ங வரிசையைப் பள்ளியில் எழுதியதோடு சரி, அதை வைத்து ஒரு சொல்லைத் தொடங்க நாற்பது வயதில் நாக்கைப் பழக்கினேன். பழக்கியவனுக்கு வயது ஏழு.

பெரியவர்களைக் கண்டால் பிள்ளைகள் "ஷிக்காமூ" என்று வணங்க வேண்டும், நாம் "மரஹாபா" என்று ஏற்க வேண்டும். நீங்கள் வரிசையாக வணங்கிவிட்டு, வீட்டைச் சுற்றி ஓடிவந்து மறுபடியும் வால் பிடித்து நின்றீர்கள். முப்பது மரஹாபாவுக்கு அப்புறம்தான், ஒரே கிழிந்த சட்டை மூன்று தடவை வந்துபோனது எனக்கு உறைத்தது. பிடிபட்டதும் தண்டம் கட்டுவதுபோல், பொட்டலத்தில் இருந்த உபுயுவை என் கையில் கொட்டினீர்கள். பெருக்கமரத்து விதையில் சர்க்கரையும் சிவப்புச் சாயமும் ஏற்றிய மிட்டாய். அன்று மாலை ஜெபத்தில் என் நாக்கைப் பார்த்துவிட்டு மதர் ஒன்றும் கேட்கவில்லை, அவருக்கும் நன்றி.

கிளம்பிய நாளில், பேருந்து ஜன்னலுக்குக் கீழே நின்றவர்களிடம் "நிதாருதி" என்றேன், திரும்பி வருவேன் என்று. அதே சிறுமி, இப்போது பல்லெல்லாம் முளைத்தவள், "சா ங்காபி?" என்று கேட்டாள். எத்தனை மணிக்கு? நான் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் சிஸ்டர்