வருஷா வருஷம் ஒரே கதைய முதல்ல இருந்து சொல்ல வேண்டாம்

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

வாய்ஸ் நோட்டா போட்டுடலாம்னுதான் நெனச்சேன், ஆனா பாதி பேர் கேக்காமலே தள்ளிவிட்டுடுவீங்கன்னு தெரியும், அதனால பிள்ளைங்களோட சிறப்புத் தேவைய ஸ்கூல்ல பதிய வெக்கிறதைப் பத்தி எழுதியே அனுப்புறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

காலாண்டு லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்த அன்னைக்கு ஏழாம் வகுப்பு பொண்ணு ஒருத்தியோட அம்மா என் ரூமுக்கு வந்தாங்க. கோபமா வந்தாங்க, அந்தக் கோபத்துல நியாயமும் இருந்துச்சு. பொண்ணுக்கு இடது காது கேக்காது, வலது காது மட்டும்தான். ஆறாம் வகுப்பு டீச்சர் இதைத் தெரிஞ்சுக்கிட்டு, போர்டைப் பாத்து உக்காந்தா இடது கைப்பக்கம் வர்ற முதல் பெஞ்சுல அவளுக்கு இடம் குடுத்திருந்தாங்க, அப்பதான் கேக்குற காது டீச்சர் பக்கம் இருக்கும். அந்த டீச்சர் கலந்தாய்வுல மாறுதல் வாங்கி வேற ஊருக்குப் போயிட்டாங்க. விவரம் எல்லாம் அவங்க சொந்த டைரில இருந்துச்சு, டைரியும் அவங்க கூடவே போயிடுச்சு. புதுசா வந்த சார் உயர வரிசைல உக்கார வெச்சதுல பொண்ணு வலது ஓரத்துக்கு, ஜன்னல் பக்கம், மூணாவது பெஞ்சுக்கு வந்துட்டா. கேக்குற காது ரோட்டுப் பக்கம். மினி பஸ் ஹாரன், ஐஸ் வண்டி மணி எல்லாம் அவளுக்கு நல்லா கேட்டிருக்கு, பாடம்தான் கேக்கல. ரேங்க் கார்டுல "கவனம் போதாது"ன்னு சிவப்பு மையில எழுதி வந்திருக்கு, அதுக்குக் கீழ என் கையெழுத்து. "போன வருஷமே எல்லாத்தையும் சொன்னேனே டீச்சர், வருஷா வருஷம் முதல்ல இருந்து சொல்லணுமா"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரல. மன்னிப்புதான் கேட்டேன்.

அன்னைக்கு ராத்திரியே உக்காந்து எமிஸ்ல அந்தப் பொண்ணோட பக்கத்தைத் திறந்து பாத்தேன். எமிஸ்னா உங்கள்ல நிறைய பேருக்கு காலைல டீச்சர் போன்ல அட்டெண்டன்ஸ் போடுறதுதான் ஞாபகம் வரும், நெட் கிடைக்காம வட்டம் சுத்திக்கிட்டே இருக்குமே, அதேதான். ஆனா அது வெறும் வருகைப்பதிவு இல்ல, ஸ்கூல் பிள்ளைங்க விவரம் எல்லாம் இருக்கிற அரசோட ஆன்லைன் பதிவேடு. தமிழ்நாட்டுல படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அதுல ஒரு நம்பர் இருக்கு, ஸ்கூல் மாறினாலும் அந்த நம்பர் பிள்ளை கூடவே போகும், டிசியே அதுல இருந்துதான் எடுக்குறோம். சிறப்புத் தேவை ஏதாவது இருந்தா அதையும் பதிஞ்சு வெக்கலாம். அந்தப் பொண்ணுக்கு அந்த இடம் காலியா கெடந்துச்சு. ஒரு வரி யாராவது ஏத்தியிருந்தா புது சார் ஜூன் மாசமே பாத்திருப்பாரு. யாரு ஏத்தாம விட்டதுன்னு தேட ஆரம்பிச்சா கடைசில என் மேஜையிலதான் வந்து நிக்கும், அதனால தேடல.

இப்ப நான் உங்ககிட்ட கேக்குறது இதுதான். பிள்ளையப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதை, காது, கண்ணு, வலிப்பு, பேச்சு, நடை, எழுதுறதுல சிரமம், எதுவா இருந்தாலும், கிளாஸ் டீச்சர்கிட்ட வாய்வார்த்தையா சொல்றதோட விட்டுடாதீங்க, என்கிட்டயும் வந்து பதிய வெச்சுட்டுப் போங்க. அப்படி பதிஞ்சிருந்தா வட்டார வள மையத்துல இருந்து வர்ற சிறப்பு ஆசிரியருக்கும் இந்தப் பிள்ளைய கவனிக்கணும்னு தெரியும், இயன்முறை மருத்துவர்கிட்ட அனுப்பவும் வழி இருக்கும். எட்டாவதுல ஒரு பையன் வாரத்துல ஒரு நாள் பிஸியோவுக்குப் போறான், அது தெரியாம "ஏன்டா செவ்வாக்கிழமை ஆனா லீவு"ன்னு அசெம்பிளில நிக்க வெச்சுக் கேட்டிருக்காங்க, பாவம் பையன் ஒண்ணும் சொல்லாம நின்னிருக்கான். இப்ப அவன் பேருக்கு நேரா அது இருக்கு, யாரும் கேக்குறதில்ல.

அடுத்தது யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு குடுக்குற அடையாள அட்டை. இதைப் பத்தி பேசினாலே சில அப்பாக்கள் மொகம் மாறிடுது. "கார்டு வாங்கினா பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா டீச்சர், நாளைக்கு சொந்தக்காரன் நாலு விதமா பேசுவானே"ன்னு ஒருத்தர் கேட்டாரு. அவரோட பையன் வாயால கேட்டா சரித்திரத்தை வரிசை மாறாம சொல்லுவான், எழுதச் சொன்னா எழுத்து இடம் மாறிடும், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம். சோம்பேறின்னு அவனுக்கு அஞ்சாவதுலயே பேரு வந்துடுச்சு. நான் கேட்டேன், சார், சோம்பேறிங்கிற முத்திரைய மட்டும் எப்படி ஒத்துக்கிட்டீங்கன்னு. 1995 சட்டத்துல 7 வகை ஊனம்தான் இருந்துச்சு, 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அது 21 ஆச்சு, அதுல கற்றல் குறைபாடும் ஒண்ணு, டிஸ்லெக்சியான்னு சொல்றோமே அது இதுக்குள்ள வரும். இது நிறைய பேருக்கு இன்னும் தெரியாது, டீச்சர்களையும் சேத்துதான் சொல்றேன்.

கார்டுக்கு ஆன்லைன்ல விண்ணப்பம் போடணும், அப்புறம் அரசு மருத்துவமனைல டாக்டர் பாத்து சதவீதம் போடுவாங்க. 40க்குக் கீழன்னா வெள்ளை, 40ல இருந்து 80க்குள்ளன்னா மஞ்சள், 80ம் அதுக்கு மேலயும் நீலம். இந்தக் கலரைப் பாத்து பெருமையோ வருத்தமோ பட ஒண்ணும் இல்ல, ரேஷன் கார்டு மாதிரி நெனச்சுக்கோங்க. கார்டு வந்ததும் ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க, நம்பர் தானா வந்து எமிஸ்ல உக்காரும்னு இருந்துடாதீங்க, நம்ம ஸ்கூல்ல நாங்கதான் பாத்து ஏத்துறோம். பேரு, இனிஷியல், பிறந்த தேதி மூணும் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு வீட்லயே பாத்துடுங்க. ஒரு "h" கூடிப் போனதுக்கு தாலுகா ஆபீசுக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைஞ்சவங்க நம்ம குரூப்லயே இருக்காங்க, கேட்டுப் பாருங்க.

பத்தாம் வகுப்பு பெற்றோர் இதைக் கட்டாயம் படிங்க. பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் எமிஸ்ல இருக்கிற விவரத்தை வெச்சுதான் தயாராகுது. மாற்றுத்திறன் பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், சொல்ல சொல்ல எழுத ஒரு ஆள், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு இப்படி அவங்கவங்க நிலைக்குத் தக்கபடி சலுகை உண்டு, ஆனா அதுக்கு மருத்துவச் சான்றோட முன்னாடியே விண்ணப்பிச்சு அனுமதி வாங்கணும். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கிறப்ப வந்து நின்னா நான் அழுதாலும் ஒண்ணும் நடக்காது, ஒரு தடவை நடக்கல.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். போன வாரம் ஒரு அம்மா பிள்ளையோட மெடிக்கல் சர்டிபிகேட்ட அப்படியே போட்டோ எடுத்து கிளாஸ் குரூப்ல போட்டுட்டாங்க, பாவம் எனக்கு அனுப்புறதா நெனச்சு. 38 பேர் பாத்தாச்சு. உடனே போன் பண்ணி அழிக்கச் சொன்னேன். தயவுசெஞ்சு அப்படிப் போடாதீங்க, நேர்ல என் கைல குடுங்க. பிள்ளை விவரத்தை கிளாஸ் டீச்சர், நான், சிறப்பு ஆசிரியர் இவங்க தாண்டி நம்ம ஸ்கூல்ல யாரும் பாக்க மாட்டாங்க, மத்த பெற்றோருக்கு சொல்ல மாட்டோம். எதை பதியுறோம்னு உங்களுக்குக் காட்டிட்டுத்தான் பதிவோம், தப்பா இருந்தா மாத்தச் சொல்லுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. பிள்ளைக்கு ஏதாவது குறைபாடு இருக்கான்னு ஸ்கூல்லயே பாத்துக் குறிக்கிற "நலம் நாடி" ஆப்ல டீச்சர் ஒரு சந்தேகத்தைக் குறிச்சாங்கன்னா அது வியாதின்னு முடிவு இல்ல, டாக்டர்கிட்ட காட்டிடுங்கன்னு அர்த்தம், அவ்வளவுதான், அதைக் கேட்டுட்டு வீட்ல சோறு தண்ணி இல்லாம உக்காந்துடாதீங்க.

டீச்சர்களுக்கு இதெல்லாம் ஏத்துறது கூடுதல் வேலைதான், மொணங்குறாங்க, நானும் மொணங்குறேன். ஆனா ஏழாம் வகுப்புக்குப் போய் பாத்தேன், அந்தப் பொண்ணு இப்ப இடது பக்கம் முதல் பெஞ்சுல இருக்கா, சார் கேள்வி கேட்டு முடிக்கிறதுக்குள்ள கைய தூக்குறா, பக்கத்துல இருக்கிறவளுக்குத்தான் தொல்லை.

வெள்ளிக்கிழமை சிறப்பு ஆசிரியர் நம்ம ஸ்கூலுக்கு வர்ற நாள். மத்தியானம் 3 மணிக்கு மேல ரெண்டு பேரும் ஆபீஸ் ரூம்ல இருப்போம். ஆதார், பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ், கார்டு இருந்தா கார்டு, ஆஸ்பத்திரி சீட்டு எது இருந்தாலும் எடுத்துட்டு வாங்க. ஒண்ணும் இல்லன்னாலும் வாங்க. வேலைக்குப் போறவங்க 6 மணி வரைக்கும் வரலாம், ஸ்கூல் கேட் திறந்துதான் இருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு: கண்ணொளி காப்போம் திட்டத்துல கண்ணாடி வாங்கின பிள்ளைங்கள்ல நாலு பேர் அதைப் பைக்குள்ளயே வெச்சிருக்காங்க. ஒருத்தன் ஜாமெட்ரி பாக்ஸ்ல வெச்சிருக்கான். யாருன்னு அந்தந்த வீட்டுக்குத் தெரியும், போட்டு அனுப்புங்க.