பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சொக்லேட் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தத் தவணையிலிருந்து நம் தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சொக்லேட், பிறந்தநாளுக்கானாலும் பரிசளிப்பு விழாவுக்கானாலும், ஃபெயார்ட்ரேட் முத்திரை, அதாவது விளைவிக்கிறவருக்கு நியாயமான விலை கொடுக்கும் நியாய வணிக முத்திரை, உள்ளதாகத்தான் இருக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் முடிவெடுத்திருக்கிறோம். "ஏன் இந்தத் திடீர் மாற்றம், விலை கூடுமே?" என்று வாசலில் சிலர் கேட்டீர்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

உலகத்துக் கொக்கோவில் பாதிக்கும் மேல் கானா, ஐவரி கோஸ்ட் ஆகிய இரண்டு நாடுகளிலிருந்துதான் வருகிறது. பெரும்பாலும் சில ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்களின் விளைச்சல். காயை வெட்டி விதையை எடுத்து, வாழையிலையால் மூடி ஆறேழு நாள் புளிக்க வைக்க வேண்டும். பிறகு தட்டியில் பரப்பி ஒரு வாரமாவது வெயிலில் காயவைக்க வேண்டும், நடுவில் மழை இருட்டினால் ஓடிப்போய் மூட வேண்டும். இத்தனை பாடும் பட்டு, விதையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனால், அங்கே தராசு வியாபாரியுடையது, அவர் சொல்வதுதான் நிறை. மலையகத்துக் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்களே, அதைப் பார்த்தவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

1993இல் கானாவில் விவசாயிகள் சிலர் குவாபா கொக்கூ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். கொள்முதலில் தனியார் இறங்கலாம் என்று அரசு வழிவிட்டிருந்த நேரம் அது. அவர்கள் முதலில் கைவைத்தது தராசில்தான். ஒவ்வொரு ஊரிலும் விவசாயிகளே தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள், நிறுப்பதும் கணக்கெழுதுவதும் அவர் பொறுப்பு. நிறையில் ஏமாற்றினால் அடுத்த தேர்தலில் அவர் இல்லை. 1998இல் இங்கே லண்டனில் டிவைன் சொக்லேட் நிறுவனம் தொடங்கியபோது, அந்த விவசாயிகளும் அதில் பங்குதாரர்கள் ஆனார்கள். பின்னாளில் அவர்கள் பங்கு 45 சதவீதம் வரை உயர்ந்தது. விதையை விற்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போகாமல், சொக்லேட்டின் இலாபத்திலும் பங்கு கேட்டவர்கள் அவர்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஃபெயார்ட்ரேட் என்ற இந்த நியாய வணிகத்தில், இப்படிப்பட்ட கூட்டுறவுக்கு இரண்டு வழியில் பணம் வரும். ஒன்று, சந்தை விழுந்தாலும் அதற்குக் கீழே போகாத அடிவிலை. 2019 ஒக்டோபரில் அது டன்னுக்கு 2,400 டொலராக உயர்த்தப்பட்டது. 2016 நடுப்பகுதியில் 3,000 டொலர் போன உலகச் சந்தை விலை அடுத்த வருடமே 2,000 டொலரை ஒட்டி விழுந்தது, அதனால் இப்படியொரு தரை தேவைதான். மற்றது, விலைக்கு மேல் தரும் கூடுதல் தொகை. அதே உயர்வில் அது டன்னுக்கு 240 டொலர் ஆனது. அந்தப் பணத்தை என்ன செய்வது என்று உறுப்பினர்கள் கூட்டம் போட்டு வாக்களிக்கிறார்கள். கிணறு, வகுப்பறை, சோளம் அரைக்கும் ஆலை என்று ஊருக்கு ஊர் தேவை வேறுபடும். கானாவில் விவசாயிக்குக் கொடுக்கும் விலையை அரச கொக்கோ சபையே நிர்ணயிக்கிறது. அதனால் அங்கே கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் அடிவிலையை விட இந்தத் தொகையாலும் நேர்மையான தராசாலும்தான் வருகிறது என்பது என் எண்ணம்.

சரி, முத்திரை ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. கூட்டுறவு விற்பது எல்லாமே நியாய வணிகத்தில் போவதில்லை, வாங்க ஆள் இருக்கிற அளவுக்குத்தான் போகும். முத்திரை பெற்ற விவசாயிகளிலும் பலர் இன்னும் ஏழைகள்தான். 2024இல் கொக்கோ விலை டன்னுக்கு 10,000 டொலரைத் தாண்டியபோதும், நோயாலும் மழைக் குழப்பத்தாலும் விளைச்சல் குறைந்திருந்ததால் விற்க அவர்கள் கையில் அதிகம் சரக்கு இல்லை. கானா, ஐவரி கோஸ்ட் இரண்டிலும் சேர்த்து 15 இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் கொக்கோ வேலையில் இருப்பதாக 2020இல் வெளிவந்த சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. நம் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வயதில் கத்தியோடு தோட்டத்துக்குப் போகிறவர்களும் அதில் உண்டு. வீட்டில் இதைச் சொல்வதென்றால் பயமுறுத்தாமல் சொல்லுங்கள், ஆனால் மறைக்க வேண்டாம்.

இனி நடைமுறை. பிறந்தநாளுக்குச் சொக்லேட் கட்டாயம் இல்லை. கொண்டுவந்தால், கறுப்பு, நீலம், பச்சை நிறத்தில் ஒருவர் கையை உயர்த்தியிருப்பது போன்ற முத்திரை உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கடைகளின் சொந்தப் பெயர்ச் சொக்லேட்டிலும் அது கிடைக்கிறது, விலையும் பெரிதாக அதிகமில்லை. பெரிய பக்கெட் வேண்டாம், பிள்ளைக்கு ஒரு சிறு துண்டு போதும். கடலை, பருப்பு வகை சேர்ந்தது எதுவும் வழக்கம்போலக் கூடாது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். பரிசளிப்பு விழாவுக்கான சொக்லேட்டை இம்முறை பாடசாலையே வாங்கும், அதற்கென்று யாரும் பணம் தர வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்