"மறுநாள் சரியாயிடும் மாமா"

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீடாமங்கலம் பக்கம் 1987 முதல் மைக்செட் தொழில் செய்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் குழாய் கட்டாத தெரு குறைவு. அந்தச் சத்தத்தைக் கொடுத்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆடித் திருவிழாவுக்கு மூன்று நாள் பாக்ஸ் வைத்தோம். எங்கள் தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர், பத்தாவது, பிளஸ் ஒன் படிப்பவர்கள். ஒருவன் பேஸ் பாக்ஸின் வலைமேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்து நின்றான். கையைப் பிடித்து இழுத்தேன். "நெஞ்சுல வந்து அடிக்குது மாமா, அதுலதான் சொகமே" என்றான். நாலாம் நாள் காலையில் ஒயர் சுருட்ட வந்த அதே பையனை இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் சொன்னான்: "காதுக்குள்ள கொய்ங்குன்னு இருக்கு மாமா. போன வருஷமும் இப்படித்தான். மறுநாள் சரியாயிடும்."

இதையேதான் அந்த வயதில் நானும் சொன்னேன். பல வருஷம் சரியாகவும் ஆனது. இப்போது ராத்திரி வாசலில் உட்கார்ந்தால் வயலில் தவளை கத்துவது கேட்கிறது, சில்வண்டு கேட்பதில்லை. மருந்தடித்து மருந்தடித்து சில்வண்டே இல்லாமல் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். "என்னமா கத்துது தாத்தா" என்று பேத்தி காதைப் பொத்திக்கொண்டபோதுதான் விஷயம் புரிந்தது.

தஞ்சாவூரில் காது டாக்டரிடம் காட்டினேன். உள்காதில் மயிரிழை மாதிரி நுண்ணிய செல்கள் ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15,000 இருக்குமாம். செத்தால் மறுபடி முளைக்காது. பெருஞ்சத்தத்தில், கீச்சென்ற ஒலியை வாங்குகிற செல்கள்தான் முதலில் போகுமாம். நான் அதைப் பயிராக நினைத்துப் பார்த்தேன். காற்றில் சாய்ந்த பயிர் ஒருமுறை, இருமுறை நிமிரும். திரும்பத் திரும்பச் சாய்ந்தால் தண்ணீரிலேயே கிடந்து அழுகிவிடும். அந்தக் 'கொய்ங்' சத்தம்தான், பயிர் சாய்ந்துவிட்டது என்று வருகிற சேதி.

சத்தத்தை டெசிபல் என்ற அளவில் அளக்கிறார்கள். காதுக்குக் கெடுதல் இல்லாமல் வாரத்துக்கு 80 டெசிபல் என்றால் 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் வெறும் 20 நிமிடம். இது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. என் பாக்ஸுக்கு முன்னால் பத்தடியில் செல்போனில் அளந்தேன், 100ஐத் தாண்டியது. பையன்கள் அங்கே ஆறு மணி முதல் பத்து மணி வரை, மூன்று நாளும் நின்றார்கள். மற்ற நாளில் இயர்போன் வேறு.

2000ஆம் ஆண்டு ஒலி விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான். பத்து மணிக்கு நிறுத்தச் சொல்லி வருகிறார்கள், நிறுத்துகிறோம். எட்டு மணிக்கு எவ்வளவு ஓடுகிறது என்று அளக்க இத்தனை வருஷத்தில் ஒருவரும் வந்ததில்லை.

சத்தம் குறைந்தால் பக்கத்துத் தெரு சிரிக்கும் என்பது பையன்கள் கவலை. மெடிக்கலில் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன், "கெழவன் மாதிரி இருக்கும் மாமா" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண் மங்கினால் கரும்பலகை காட்டிக் கொடுத்துவிடும். காது மங்குவது அந்தப் பிள்ளைக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடத்துவதுபோல ஒன்பது முதல் பிளஸ் டூ வரை வருஷத்துக்கு ஒருமுறை காதையும் பார்க்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்போதெல்லாம் பாக்ஸ் முன்னால் இருபதடிக்குக் கயிறு கட்டுகிறேன், சத்தத்தையும் குறைத்தே வைக்கிறேன். அதனால் இரண்டு திருவிழா கைவிட்டுப் போனது. மற்ற மைக்செட்காரர்களும் சேர்ந்து செய்தால் எந்த விழாக் கமிட்டியும் மறுக்க முடியாது.

பொங்கலுக்கு அந்தப் பையன் வந்திருந்தான். "அந்தச் சத்தம் போயிடுச்சா தம்பி?" என்று கேட்டேன்.

"பகல்ல இல்ல மாமா. படுத்தா மட்டும் கேக்குது."

இப்படிக்கு,
ஒரு மைக்செட் உரிமையாளர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.