சங்கிலி பிடித்தவன் எழுதுகிறேன்

அன்புள்ள வாத்தியாருக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. பேரனுக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். நான் மகள் வீட்டில் சௌக்கியம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, சாப்பாட்டில்தான் உப்பு இல்லை.

சரி, கடைசிப் பக்கத்தில் நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். அறிவுதான் பலம், ஆளுக்கும் அதுதான், நாட்டுக்கும் அதுதான் என்கிறாய். காலமெல்லாம் பாடம் நடத்தியவன் அப்படித்தான் எழுதுவாய். நான் காலமெல்லாம் நிலம் அளந்தவன். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

மகள் வீடு பரங்கிமலைப் பக்கம். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற பட்டாளத்துக்காரர் இங்கேதான் நாட்டை அளக்கும் சர்வேக்கு ஆதாரமான முதல் நேர்கோட்டை, எங்கள் பாஷையில் அடிக்கோட்டை, அளக்க ஆரம்பித்தார். 100 அடி எஃகுச் சங்கிலி. அதைச் சுமார் 400 தடவை போட்டு, தெற்கே 12 கிலோமீட்டர் அளவுக்குப் போனார். 57 நாள் ஆனது. வெயிலில் இரும்பு நீளுமே என்று சங்கிலியை மரப்பெட்டிக்குள் கிடத்தி, பக்கத்திலேயே தெர்மாமீட்டர் வைத்துக் கணக்கைத் திருத்தியிருக்கிறார். நம் டிபார்ட்மென்ட் சங்கிலியை நாங்கள் இழுத்த லட்சணத்தை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. இந்த மாதிரி அடிக்கோடுகளை வைத்துக்கொண்டு, பிறகு கோணம் பார்த்துப் பார்த்து, முக்கோணம் முக்கோணமாக நாடு முழுக்கப் போய்விட்டார்கள். கோணம் பார்க்கும் தியோடலைட் மட்டும் அரை டன் எடை. தூரத்தில் பார்க்க உயரம் வேண்டும், தஞ்சாவூர்ப் பக்கம் மலை கிடையாதே, அதனால் 1808இல் பெரிய கோயில் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கியது. மனுஷன் கொட்டகைக்குள் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல. இவ்வளவு செலவு எதற்கு என்று மதராஸில் கணக்குப் பார்த்த அதிகாரி ஒருவர் கேட்டாராம்: ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதும், அவன் கொண்டுபோய் விடுவான், லாம்டன் படம் எதற்கு என்று. அவர் சொன்னது பொய்யில்லை. அந்தத் தூக்கிக்கு ஆற்றுத்துறை, சத்திரம், கணவாய் எல்லாம் அத்துப்படிதான். அந்த அறிவு அவனுக்கு என்ன கொடுத்தது? பல்லக்கைத் தூக்கும் வேலையைத்தான். அதே வழியைக் காகிதத்தில் ஏற்றி, மற்ற வழிகளோடு கோத்து, தன் அலமாரியில் பூட்டி வைத்த கிழக்கிந்தியக் கம்பெனிக்குத்தான் ராஜ்யம்.

அதே சர்வேயில் கணக்குப் போடும் வேலை பார்த்த ராதாநாத் சிக்தர் கதையும் இதே ஜாதிதான். இமயமலையில் பதினைந்தாம் எண் சிகரம்தான் எல்லாவற்றிலும் உயரம் என்று 1852இல் கணக்குப் போட்டவர் அந்த வங்காளி. 1856இல் மேலதிகாரி ஆண்ட்ரூ வா என்பவர் 29,002 அடி என்று அறிவித்தார். பெயர் என்னவோ 1843லேயே ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்ட பழைய சர்வே தலைவர் ஜார்ஜ் எவரெஸ்டுக்கு. சர்வே கையேட்டில் சிக்தர் எழுதிக்கொடுத்த பகுதிகள் இருந்தன. அவர் இறந்த பிறகு வந்த பதிப்பில் அவர் பெயரைக் காணோம். அது அநியாயம் என்று வெள்ளைக்கார அதிகாரி ஒருவரே சண்டை போட்டதை மட்டும் மறக்கக் கூடாது.

ஆக, அறிவு ஒருவன் தலையில் இருந்தால் அது அவனுக்குப் பிழைப்பு. அதைத் திரட்ட ஆளும், ஐம்பது அறுபது வருஷம் பொறுமையாகப் பணம் போட ஒரு கஜானாவும், பத்திரப்படுத்த ஓர் அலுவலகமும் இருந்தால்தான் பலம். அப்போதும் அந்தப் பலம் அலுவலகத்துக்காரனுக்குத்தான். சுதந்திரத்துக்குப் பிறகு நாம் மட்டும் என்ன செய்தோம்? வெளிநாட்டுக் கம்பெனியின் மேப்பில் நம் தெருவெல்லாம் வந்துவிட்ட பிறகும், நம்மவர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதிக்கு அலைந்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் அரசு அதைத் தளர்த்தியது.

நிலக் கணக்கு எழுதிய நம் ஊர்க் கர்ணத்தை நீ மறந்திருக்க மாட்டாய். யார் நிலம் எதுவரை என்று விவசாயிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். ஆனாலும் அடங்கல் என்ற நிலப் பதிவேட்டின் நகல் வேண்டுமென்றால் கர்ணம் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடக்க வேண்டும். கர்ணம் வயலில் கால் வைத்தது கூட இல்லை, நோட்டு அவரிடம் இருந்தது, அவ்வளவுதான். 1980 நவம்பரில் ஒரே அவசரச் சட்டத்தில் அந்தக் கர்ணம் பதவிகளை எடுத்தார்கள். நான் சர்வீஸில் பார்த்த பெரிய மாற்றம் அதுதான் என்பேன். அதற்கு அடுத்தது, பட்டாவும், வயலின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படமும் இணையத்தில் வந்தது. படிப்பு பலமாக மாறியது என்றால் இந்த இரண்டு இடத்தில்தான் கண்ணால் கண்டேன். நோட்டு கை மாறிய பிறகுதான் ஜனங்கள் படித்த படிப்புக்கு வேலை வந்தது.

அப்புறம், உன் தம்பிக்கும் பக்கத்து வயல்காரருக்கும் வரப்புத் தகராறு என்று எழுதியிருந்தாய். வக்கீலிடம் போவதற்கு முன்னால் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. புலப்படத்தை இறக்கி, எந்தக் கல்லிலிருந்து எத்தனை மீட்டர் என்று குறித்து அனுப்புகிறேன். ஜி லைன் (அளக்க ஆதாரமான நேர்கோடு) எது, ஆஃப்செட் (அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக எல்லைக்கு உள்ள தூரம்) எது என்று பேரனுக்குப் போனில் சொல்லித்தருகிறேன். அவன் டேப்பைப் பிடிக்கட்டும். பக்கத்து வயல்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டே அளக்கச் சொல். படத்தில் ஒரு நகலை அவருக்கும் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உன் பழைய சர்வேயர்