முதுகுல சொடக்கு எடுக்குறதுக்கு முந்தி நாலு கேள்வி கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கம்பத்துல மெடிக்கல் ஷாப்ல வேலை பாக்குறேன். போன வாரம் பேப்பருக்குள்ள ஒரு நோட்டீஸ் வந்துச்சு, குமுளியில ஒரு லாட்ஜ்ல கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டையும் கையால அழுத்தி, திருகி விடுற வைத்தியம்) கேம்ப், ஜவ்வு விலகல், கழுத்து தேய்மானம், சயாட்டிகா (இடுப்புல இருந்து கால் வரைக்கும் இழுக்குற நரம்பு வலி) எல்லாத்துக்கும் ஒரே சிட்டிங்ல தீர்வுன்னு. நோட்டீஸ் சொருகுறது ஏஜென்ட் வேலை, அதுக்கு உங்கள குத்தம் சொல்ல வரல. ஆனா அத மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டு கடைக்கு வந்து "தம்பி, இதுக்குப் போலாமாடா"ன்னு கேக்குற அக்காமாரு நெறைய, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு பதிலா இங்கயே எழுதிடலாம்னுதான்.

இவங்க எல்லாம் விடியுறதுக்கு முன்னாடி ஜீப்புல கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல நிக்கும், ஆனா காய் மேல காய்க்காது, தூர்ல இருந்து சரம் கிளம்பி மண்ணுல படுத்துக் கெடக்கும், அதனால காய் எடுக்குறவ குத்த வச்சு உக்காரணும் இல்லன்னா இடுப்ப மடக்கி குனியணும், பழுத்தது எது பிஞ்சு எதுன்னு பாத்து ஒவ்வொண்ணா கிள்ளணும், அப்படியே அடுத்த செடிக்கு நகரணும், சரிவுல, ஈரத்துல, சாயங்காலம் வரைக்கும். அப்புறம் அதே ஜீப்புல நெருக்கி உக்காந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் குலுங்கி இறங்கணும். இறங்குனதும் நேரா எங்க கடை. ரெண்டு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை. வெறும் வயித்துல போடாதீங்கக்கா, வயித்துல புண்ணு வரும் கிட்னிக்கும் ஆகாதுன்னா சிரிப்பாங்க, காலையில நாலு மணிக்கு எவ சோறு திம்பான்னு.

இப்படிப்பட்டவங்க கிட்ட ஒருத்தன் வந்து டப்புன்னு ஒரு சத்தம், வலி போச்சுன்னு சொன்னா போகாம என்ன செய்வாங்க. எங்க தெரு அக்கா ஒருத்தவங்க போயிட்டு வந்தாங்க. வலி இடுப்புல, ஆனா கழுத்தையும் சேத்துத் திருகியிருக்கான். சட்டையில குட்டி மைக் மாட்டி விட்டு, சத்தம் நல்லா வரணும்னு செல்போன்ல வீடியோ வேற. பணம் ரெண்டு நாள் கூலி. அன்னிக்கு ராத்திரி நல்லாத்தான் தூங்குனேன்னாங்க, அத இல்லன்னு சொல்ல நான் யாரு. மறுநாள் தோட்டத்துல குனிஞ்சதும் பழைய இடத்துலயே பிடிச்சுக்கிச்சு.

அந்த சத்தம் எலும்பு எடத்துல போய் உக்காருற சத்தம் கிடையாது. மூட்டுக்குள்ள வழவழன்னு ஒரு திரவம் இருக்கும், மூட்ட சடக்குன்னு இழுக்கும்போது அதுல கேஸ் குமிழி உண்டாகும், அதுதான் நமக்கு சொடக்கா கேக்குது. விரல்ல சொடக்கு எடுக்குறதும் இதேதான். சத்தம் வந்தா குணமாச்சுன்னும் இல்ல, வரலைன்னா ஆகலைன்னும் இல்ல.

இந்த வைத்தியம் அமெரிக்காவுல டேவன்போர்ட்ங்கிற ஊர்ல 1895ல டி.டி.பால்மர்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. அவர் அதுவரைக்கும் காந்த வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்தவர், காது கேக்காத ஒரு துப்புரவுத் தொழிலாளியோட முதுக அழுத்துனேன், காது கேட்டுச்சுன்னு சொல்லித்தான் தொழிலத் தொடங்குனாரு. (நம்ம ஊரு சுளுக்கு எடுக்குற தாத்தா கூட அவ்வளவு தூரம் போக மாட்டாரு.) ஆனா அங்க பின்னாடி அதுக்கு காலேஜ் வந்துச்சு, கான்சாஸ் மாநிலம் 1913ல சட்டம் போட்டுச்சு, கடைசியா லூசியானா 1974ல போட்டுச்சு, பிரிட்டன்ல 1994ல தனிச் சட்டமே வந்துச்சு. அதாவது அங்க ஒருத்தர் முதுகுல கை வைக்கணும்னா படிச்சிருக்கணும், பதிவு பண்ணியிருக்கணும், தப்பு நடந்தா புகார் குடுக்க ஒரு எடம் இருக்கு. நம்ம நாட்டுல இதுக்குன்னு தனி கவுன்சில் கிடையாது. வெளிநாட்டுல வருசக்கணக்கா படிச்சு வந்தவரும், வார கோர்ஸ் முடிச்சவரும் போர்டுல ஒரே மாதிரிதான் பேர் போட்டுக்குறாங்க, முன்னாடி டாக்டர்னு சேத்து.

வைத்தியமே சுத்த பொய்யின்னு நான் சொல்லல. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் குடுத்துச்சு, அதுல உடற்பயிற்சி, மசாஜ் இதுகளோட முதுகெலும்ப கையால அசைச்சு விடுற சிகிச்சையும் இருக்கு. ஆனா எதுவும் தனியா நின்னு குணமாக்கும்னு அவங்க சொல்லல, ஆளப் பாத்து நாலஞ்சையும் சேத்து செய்யச் சொல்றாங்க. அதே வழிகாட்டுதல்ல இடுப்பு பெல்ட்டும், வெயிட்டு கட்டி இழுக்குற டிராக்ஷனும் வேண்டாம்னு போட்டிருக்கு. பெல்ட்டு எங்க கடையிலயே வரிசையா தொங்குது, ஓனர் இதப் படிக்க மாட்டாருன்னு நம்புறேன். புதுசா பிடிச்ச வலியில பெரும்பாலானது சில வாரத்துல தானா குறையும், படுத்தே கெடக்காம முடிஞ்ச அளவு நடமாடணும், ஒத்தடம் குடுக்கலாம். பாதிப் பேருக்கு கேம்ப்ல சரியாச்சுன்னு தோணுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கழுத்து விசயம் வேற. கழுத்த வேகமா திருகும்போது மூளைக்குப் போற ரத்தக்குழாய் உள்பக்கமா கிழிஞ்சு பக்கவாதம் வந்த கேஸ்கள் மருத்துவ உலகத்துல பதிவாகியிருக்கு. அபூர்வம்தான், ஆனா வந்தா பாதிப்பு பெருசா இருக்கலாம். இடுப்பு வலின்னு போனவங்க கழுத்த எதுக்கு தொடணும்?

ஒரு நல்ல ஆளையும் பாத்திருக்கேன். எங்க அத்தாச்சிக்கு கால் வரைக்கும் சுண்டி இழுத்துச்சு, அவங்க மகன் கொச்சியில இருக்கான், அங்க வெளிநாட்டுல படிச்ச ஒரு கைரோபிராக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான், நானும் கூடப் போனேன். அவர் கட்டில்ல படுக்க வைக்கவே இல்ல, முதல்ல கேள்விதான். கீழ விழுந்தீங்களா, காய்ச்சல் வருதா, எடை குறையுதா, ஒண்ணுக்கு போறது கட்டுப்பாட்டுல இருக்கா, தொடை நடுவுல மரத்திருக்கா, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறீங்களா, முன்னாடி கான்சர் ஏதும் உண்டா. அப்புறம் குதிகால்ல நடக்கச் சொன்னாரு. வலது பாதம் தூக்கலை. "அம்மா, நான் தொட மாட்டேன், ஸ்கேன் எடுத்து நரம்பு டாக்டர்ட்ட காட்டுங்க"ன்னு அனுப்பிட்டாரு. குமுளி கேம்ப்ல எங்க தெரு அக்காகிட்ட கேட்ட ஒரே கேள்வி கேஷா ஜிபேயாங்கிறதுதான்.

இதுல அரசாங்கத்துகிட்ட கேக்க ஒண்ணு இருக்கு. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல தொடங்குன திட்டத்துல பிசியோதெரபி வீட்டுக்கே வருது, நல்ல திட்டம், எங்க பக்கத்து வீட்டு பெரியவருக்கு கை அசைய ஆரம்பிச்சதே அதுலதான். ஆனா அவங்க பகல்ல வர்றாங்க, பகல்ல இந்த அக்காமாரு மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல செடிக்கு அடியில உக்காந்திருக்காங்க. இங்கிட்டு ஆள் இல்லாத வீடு, அங்கிட்டு தினக்கூலிக்கு வந்த வெளியாளுன்னு ஒரு கணக்கு, ரெண்டு பக்கமும் இவங்க முதுகு யார் பொறுப்பும் இல்ல. 1951ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமே எஸ்டேட்டுல வைத்திய வசதி இருக்கணும்னுச்சு, இவங்ககிட்ட கேட்டா டிஞ்சரும் பஞ்சும்தான் இருக்கும்பாங்க.

தேனி மாவட்ட சுகாதாரத் துறை ஒரு பிசியோதெரபிஸ்ட்ட ஞாயித்துக்கிழமை காலையிலயோ, இல்ல சாயங்காலம் ஜீப்பு வந்து நிக்குற எடத்துலயோ உக்கார வச்சா போதும். குனியாம உக்காந்து காய் எடுக்குறது எப்படி, நடுவுல எந்திரிச்சு முதுக எப்படி நிமித்துறது, எந்த வலிக்கு உடனே தேனி பெரியாஸ்பத்திரிக்கு ஓடணும், இத சொல்லிக் குடுக்க லாட்ஜும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். இந்த சீசன்லயே செஞ்சா நல்லது, காய் எடுப்பு சூடு பிடிச்சிருச்சு.

இப்படிக்கு,
ஒரு மெடிக்கல் ஷாப் ஊழியர், கம்பம்.