மீன் எலும்பன்று, பிராக்கியோபாட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பகாங் மாநிலத்துப் புதைபடிவங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். நம் நாட்டுத் தமிழ் நாளிதழ்கள் பாறைகளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குவது அரிது. ஆகவே அதில் நேர்ந்த பிழை மாணவர்களின் பள்ளிக் கட்டுரைகளுக்குள் அப்படியே போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்னும் அக்கறையில் இதை எழுதுகிறேன். ‘டைனோசர் காலத்து மீனின் எலும்பு’ என்ற குறிப்புடன் அச்சிடப்பட்ட படத்தில் இருப்பது மீனும் அன்று. டைனோசர் காலத்ததும் அன்று. நடுவே ஒரு கோடும் அதன் இருபுறமும் நெருக்கமான வரிகளுமாகத் தெரியும் அது, லெப்டோடஸ் என்னும் அற்றுப்போன பிராக்கியோபாட் (சிப்பிபோல் இரண்டு ஓடுகள் கொண்ட, ஆனால் சிப்பியல்லாத கடல் உயிரி) பேரினத்தைச் சேர்ந்தது.

கட்டுரையாளரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஜெர்மானிய அறிஞர் கைசர், சீனாவின் லோப்பிங் பகுதியில் கிடைத்த படிவங்களை 1883-இல் விவரித்தபோது அவரே இதை மீனின் பல் என்று எண்ணித்தான் பெயரிட்டார். ஏறத்தாழ அதே வேளையில், இன்று பாகிஸ்தானில் உள்ள உப்பு மலைத்தொடரின் படிவங்களை ஆராய்ந்த வாகன் என்னும் அறிஞர், இது பிராக்கியோபாட் என்று சரியாகக் கண்டு லிட்டோனியா எனப் பெயர் வைத்தார். பின்னாளில் இரண்டும் ஒன்றே எனத் தெரிந்ததும், முந்திய பெயருக்கே முன்னுரிமை தரும் பெயரிடல் விதியின்படி தவறாகக் கணித்தவரின் பெயர் நிலைத்தது. சரியாகக் கணித்தவர் வைத்த பெயருக்குக் குடும்பப் பெயரான லிட்டோனிடே என்பதில் மட்டும் இடம் கிடைத்தது. இதன் நெருங்கிய உறவான ஓல்டாமினா என்னும் பிராக்கியோபாடையும் பெல்ஜிய அறிஞர் டி கோனின்க் முதலில் நத்தை வகையில்தான் சேர்த்திருந்தார்.

சிப்பி என்று சொல்லிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அதுவும் பொருந்தாது. சந்தையில் வாங்கும் கெராங் என்னும் சிப்பியை எடுத்துப் பார்த்தால், அதன் வலது ஓடும் இடது ஓடும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். ஆனால் ஓர் ஓட்டை மட்டும் தனியே நடுவில் கோடிட்டுப் பிரித்தால் இரு பாதிகளும் ஒத்துவரா. பிராக்கியோபாடில் இது தலைகீழ். அதன் ஓடுகள் வயிற்றுப்புறத்தும் முதுகுப்புறத்தும் அமைந்தவை. அவை தம்முள் வேறுபட்டிருக்க, ஒவ்வோர் ஓடும் தன்னளவில் இடம் வலமாகச் சமச்சீர் கொண்டிருக்கும். உள்ளே நீரிலிருந்து உணவை வடித்தெடுக்கும் லோஃபோஃபோர் என்னும் உறுப்பு இருக்கும்.

லெப்டோடஸ் இந்தக் குடும்பத்திலேயே விசித்திரமானது. அதன் வயிற்றுப்புற ஓடு கடலடியில் ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டே வளர்ந்ததால், அதன் வெளிவிளிம்பு ஒழுங்கற்றுப் போயிருக்கும். ஆனால் அவ்வோட்டின் உட்புறத்தில் நடுக்கோட்டின் இரு பக்கமும் வரிசையாகத் தடுப்புச்சுவர்கள் எழுந்து நிற்கும். முதுகுப்புற ஓடு வழக்கமான மூடியாக இல்லாமல், ஆழமான வெட்டுகளால் பல இதழ்களாகப் பிளவுபட்டிருக்கும். ஒவ்வொரு தடுப்புச்சுவருக்கும் நேராக ஒரு வெட்டு அமைந்திருக்கும். லோஃபோஃபோரும் இந்த இதழ்களின் போக்கிலேயே மடிந்து கிடந்தது என்று கருதப்படுகிறது.

படத்தில் மீன் முள்ளாகத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. ஓடு கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது. களிப்பாறை மழையிலும் வெயிலிலும் சிதையும்போது அது கரைந்து, அச்சு மட்டும் எஞ்சிவிடுவது வழக்கம். அப்படி எஞ்சிய உள்ளச்சில் (ஓட்டின் உட்புறத்தை நிரப்பி இறுகிய சேற்றில்) தடுப்புச்சுவர் இருந்த இடம் பள்ளமாகவும், சுவர்களுக்கு இடைப்பட்ட வெற்றிடம் மேடாகவும் பதிந்திருக்கும். ஆகவே நாம் ‘எலும்பு’ என்று எண்ணும் அந்த மேட்டு வரிகள், உண்மையில் ஓட்டின் எந்தப் பகுதியும் அல்ல. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டு பார்த்தால், வரிகள் நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் மூட்டோ முள்ளெலும்போ எதுவுமே இல்லை என்பது விளங்கும்.

உயிரின வகைப்பாட்டில் இதை எந்த வரிசையில் வைப்பது என்பதிலும் கருத்து மாறி வந்திருக்கிறது. முன்பு ஸ்ட்ரோபோமெனிடா வரிசையில் ஓல்டாமினிடினா என்ற துணைவரிசையில் வைத்தார்கள். இப்போது புரொடக்டிடா வரிசையில் லிட்டோனிடினா துணைவரிசையில் வைக்கிறார்கள். ஓடெங்கும் முட்கள் முளைத்த புரொடக்டஸ் வகையினருக்கு இது உறவு என்றால், பார்த்த மாத்திரத்தில் யாரும் நம்பமாட்டார்கள்தான்.

காலக்கணக்கையும் திருத்த வேண்டும். பகாங்கில் டைனோசரின் பல் கிடைத்ததாக 2014-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தார் அறிவித்தது உண்மையே. ஆனால் அது கிரெட்டேசியஸ் காலத்தது. லெப்டோடஸோ பெர்மியன் காலத்தது. ஏறத்தாழ 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியனை முடித்துவைத்த பேரழிவுக்கும் கிரெட்டேசியஸின் தொடக்கத்திற்கும் இடையே 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இரண்டும் ஒரே மாநிலத்தில் கிடைத்தன என்பதற்காக ஒரே காலத்தில் வாழ்ந்தவை ஆகிவிடா.

அடுத்த மலரில் திருத்தம் வெளியிடும்போது, ‘லெப்டோடஸ், பிராக்கியோபாட், பெர்மியன் காலம், பகாங்’ என்று மட்டும் குறிப்பிட்டால் போதும். ரிக்டோஃபெனி என்றோ நோபிலிஸ் என்றோ இனப்பெயரைச் சேர்க்க வேண்டாம். அதை முடிவு செய்யத் தடுப்புச்சுவர்களின் வடிவத்தையும் இடைவெளியையும் கல்லிலேயே அளந்து பார்க்க வேண்டும், அச்சிட்ட படம் உதவாது. படத்தில் அளவுகோலும் இல்லை. மீண்டும் படமெடுக்க வாய்ப்பிருந்தால், கல்லின் அருகே 20 காசு நாணயம் ஒன்றையாவது வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு