காட்டு மரங்களை அளப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெப்பமண்டலக் காடுகளில் திடல் (அளந்து குறித்த நிலத்துண்டு) போட்டு, மரங்களுக்கு எண் அடித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றளவு எடுத்துவரும் ஆய்வுக் குழுக்களுக்கு,

வணக்கம். அவகாடோ, இலவங்கப்பட்டை, கற்பூர மரம் எல்லாம் அடங்கிய லாரேசியே குடும்பத்து மரங்களை அடையாளம் காண்பது என் வேலை. இதுவரை யாரும் பெயர் வைக்காத மரம் என்று உறுதியானால், விவரித்துப் பெயர் வைப்பதும் அதில் சேர்த்தி. நீங்கள் அனுப்பும் உலர்ந்த மாதிரிகளின் கட்டுகளைப் பிரித்தால் பெரும்பாலும் இலையும் குச்சியும்தான் இருக்கின்றன. சீட்டில் ‘ஒக்கோட்டியா, சிற்றினம் 3’ என்று, அதாவது ஒக்கோட்டியா என்ற பேரினத்தில் பெயர் தெரியாத மூன்றாவது மரம் என்று, எழுதியிருக்கும். அது எந்த மரம் என்பது உங்கள் திடலுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. வேறொரு குழு ‘சிற்றினம் 7’ என்று குறித்து வைத்திருப்பதும் இதுவேயாக இருக்கலாம்.

இந்தக் குடும்பத்தில் 2,500-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. இலையை வைத்து ஓரளவுக்குத்தான் போக முடியும். விளிம்பில் பல் இல்லாத, தோல்போன்ற இலைகள், பெரும்பாலும் மாற்றடுக்கில், அதாவது குச்சியில் மாறிமாறி. நூறு சிற்றினங்களுக்கு இந்த ஒரே வர்ணனை பொருந்தும். சங்கதி முழுக்கப் பூவில் இருக்கிறது. பூவோ சில மில்லிமீட்டர்தான்.

காய்ந்த மொட்டைக் கொதிநீரில் போட்டு இளக வைத்து, நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் பிரிப்போம். வெளியே பெரும்பாலும் ஆறு இதழ்கள். உள்ளே மகரந்தத்தாள்கள் மும்மூன்றாக வட்டம் வட்டமாக நிற்கும். மூன்றாம் வட்டத்துத் தாள்களின் அடியில் இரண்டிரண்டு சுரப்பிகள். மகரந்தப்பை நீளவாக்கில் வெடிக்காது. சின்னச் சின்ன மூடிகள் கீழிருந்து மேலாகத் தூக்கிக்கொள்ளும். அந்த மூடிகள் இரண்டா, நான்கா? நான்கென்றால், இரண்டுக்கு மேல் இரண்டாக அடுக்கியிருந்தால் ஒக்கோட்டியா பக்கம் போவோம், வில்போல வளைந்த ஒரே வரிசையில் இருந்தால் நெக்டாண்ட்ரா பக்கம். இரண்டு மட்டும் என்றால் அனிபா போன்ற வேறு பேரினங்கள். அப்புறம் கனி. அடியில் கிண்ணம் உண்டா, அதன் விளிம்பு ஒற்றையா இரட்டையா என்று பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, சில சிற்றினங்களில் ஆண் பூ ஒரு மரத்திலும் பெண் பூ வேறு மரத்திலும் இருக்கும். ஒரு மரத்தோடு வேலை முடியாது.

டிஎன்ஏ போதாதா என்று கேட்பீர்கள். வழக்கமான பட்டைக்குறி மரபணுக்கள் (சிற்றினத்தை அடையாளம் காணப் பயன்படுத்தும் டிஎன்ஏ துண்டுகள்) இந்தக் குடும்பத்தில் நெருங்கிய சிற்றினங்களைப் பல நேரம் பிரித்துக் காட்டுவதில்லை. காட்டினாலும், ‘இது தனி’ என்று தெரியுமே தவிர, அது ஏற்கெனவே பெயர் உள்ள மரமா என்பதற்குப் பழைய வகை மாதிரியோடுதான் (அந்தப் பெயருக்குச் சான்றாக வைத்திருக்கும் மாதிரி) ஒப்பிட்டாக வேண்டும். அங்கேயும் பூதான் பேசும்.

புதிய சிற்றினத்தை விவரித்து வெளியிடும் எழுத்து வேலை முன்பைவிட எளிது. 2012 ஜனவரி 1 முதல் லத்தீனில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, ஆங்கிலமே போதும். இணைய வெளியீடும் செல்லும். ஆனால் மரத்தின் வர்ணனையையோ, நெருங்கிய உறவுகளிலிருந்து எதில் வேறுபடுகிறது என்பதையோ சொல்லியாக வேண்டும். வெறும் இலையை வகை மாதிரியாக வைக்க விதி தடுக்கவில்லை என்பதற்காகச் சிலர் அப்படியும் வெளியிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடுத்த தலைமுறைக்குத் தலைவலியை எழுதி வைப்பதுதான் அது.

இன்னும் பெயர் பெறாத பூக்கும் தாவரங்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே படிவக (உலர்ந்த தாவர மாதிரிகளைச் சேமிக்கும் இடம்) அலமாரிகளில் கிடக்கலாம் என்று 2010-இல் வந்த ஓர் ஆய்வு கணித்தது. புதிய சிற்றினங்களில், சேகரித்த ஐந்தாண்டுக்குள் விவரிக்கப்பட்டவை 16 சதவீதம்தான். பெயர் இல்லாத மரம், அழியும் ஆபத்தை மதிப்பிடும் சிவப்புப் பட்டியலில் பொதுவாக ஏறாது. முதிர்ந்த மரங்கள் 50-க்கும் குறைவு என்றால் மிக மோசமான ஆபத்து நிலையில் சேர்க்க அதுவே போதும், ஆனால் ‘சிற்றினம் 3’ என்ற குறிப்புக்கு யார் அந்த மதிப்பீட்டைச் செய்வார்கள்?

உங்கள் சிரமம் தெரியாமல் இல்லை. முப்பது மீட்டர் உயரத்தில் பூ; அளக்கப் போகும் மாதத்தில் அது பூத்திருக்கும் என்று சொல்லவும் முடியாது. அதனால்தான் கேட்கிறேன்: அடுத்த திட்டத்துக்கு நிதி கேட்கும்போதே மரம் ஏறுபவரின் கூலியையும், பூக்கும் பருவத்தில் ஒரு தனிப் பயணத்தையும் சேர்த்து எழுதுங்கள். சேகரித்தவர் பெயர் வரும் இடத்தில் ஏறியவர் பெயரும் வரட்டும், அது அவருக்கு உரியது. கொஞ்சம் மொட்டுகளைச் சாராயத்தில் போட்டுத் தனியே அனுப்புங்கள். பட்டையைச் சீவியதும் என்ன வாசனை, கனியும் கிண்ணமும் என்ன நிறம் என்பதை அங்கேயே சீட்டில் எழுதிவிடுங்கள். காய்ந்த பிறகு அது எதுவும் எங்களுக்குத் தெரியாது. இரட்டைப் படிகள் கிடைத்தால் ஒன்றை அந்த நாட்டுப் படிவகத்திலேயே வையுங்கள்.

பூவோடு ஒரு கிளை வந்தால், உங்கள் ‘சிற்றினம் 3’ஐ முதல் வேலையாக எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லாரேசியே வகைப்பாட்டில் வேலை செய்யும் ஒருவர்